பான் எண்ணை வைத்து யாரோ வாங்கிய கடன்: எங்கே புகார் கொடுத்தால் தீரும்?

வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில், "உங்க பேர்ல ஏற்கெனவே மூணு பெர்சனல் லோன் ஓடுதே" என்கிறார் வங்கி அதிகாரி. அல்லது கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வசூல் ஆள் போனில் மிரட்டுகிறார். தங்கள் பான் எண்ணையும் ஆதார் நகலையும் வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. உடனே ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். போலீஸில் எழுதிக் கொடு, சிபிலில் டிஸ்ப்யூட் போடு (கடன் பதிவு தவறென்று ஆட்சேபம் தெரிவி), ரிசர்வ் வங்கிக்கு எழுது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ. எல்லாமே சரியான இடங்கள்தான். ஆனால் அந்தக் கடனை உங்கள் பெயரிலிருந்து எடுக்கும் அதிகாரம் எல்லா இடத்திலும் இல்லை. அதைவிட முக்கியமாக, ஓர் இடத்துக்கு முதலில் போய்விட்டால் இன்னோர் இடத்துக்குப் போகும் உரிமையே இல்லாமல் போகலாம். எதை எப்போது செய்வது என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறதா, அல்லது உங்கள் பெயரில் கடன் ஏறியிருக்கிறதா? பணம் போயிருந்தால் யோசிக்க நேரமில்லை. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் அப்போதே தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 நாள் வரை தாமதித்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போனது முழுவதும் உங்கள் பொறுப்பு. இனி சொல்வதெல்லாம் இரண்டாவது வகைக்கு, அதாவது கடன் ஏறிய வகைக்கு.

அறிக்கையை முழுதாகப் படியுங்கள்

யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் என்பதைப் பதிந்து வைக்கும் கிரெடிட் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். ஒன்றில் இருக்கும் கடன் இன்னொன்றில் இன்னும் ஏறாமல் இருக்கலாம்.

பலர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடுகிறார்கள். அதில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது கணக்குகளின் பட்டியல். இரண்டாவது, எந்தெந்த நிறுவனம் எந்தத் தேதியில் உங்கள் அறிக்கையைக் கேட்டது என்ற பகுதி. கடனாக மாறாத முயற்சிகளும், இப்போதுதான் விண்ணப்பித்து நிற்கும் கடன்களும் இங்கேதான் தெரியும். மூன்றாவது, முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும் பகுதி. உங்களுடையதல்லாத ஒரு கைபேசி எண் அங்கே இருந்தால், அது பெரும்பாலும் ஏமாற்றியவர் விண்ணப்பத்தில் கொடுத்த எண். போலீஸுக்குக் கொடுக்க அதைவிட நல்ல துப்பு உங்கள் கையில் வேறு இருக்காது.

அறிக்கையில் கடன் ஆப்பின் பெயர் இருக்காது. ஆப்புக்குப் பின்னால் நின்று பணம் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். வசூல் ஆள் ஆப்பின் பெயரைச் சொல்வார், அறிக்கை வேறு பெயரைச் சொல்லும். இரண்டும் ஒரே கடனாக இருக்கலாம். தொகையையும் தேதியையும் வைத்துச் சேர்த்துப் பாருங்கள். புகார் போக வேண்டியது அறிக்கையில் உள்ள நிறுவனத்துக்கு.

சிபிலா, கடன் கொடுத்தவரா?

இணையத்தில் அதிகம் கிடைக்கும் அறிவுரை "சிபிலில் டிஸ்ப்யூட் போடுங்கள்" என்பது. செலவில்லை, வீட்டிலிருந்தே பத்து நிமிடத்தில் முடிகிறது. ஆனால் கிரெடிட் நிறுவனத்தால் தானாக எதையும் நீக்க முடியாது. கடன் கொடுத்த நிறுவனம் சரி என்று சொன்னால்தான் பதிவை மாற்ற முடியும். உங்கள் டிஸ்ப்யூட்டை அது அந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அங்கே இருப்பவர் தன் கணினியில் உங்கள் பெயர், பான் எண், பிறந்த தேதி எல்லாம் பொருந்துவதைப் பார்த்துவிட்டு "பதிவு சரியே" என்று திருப்பி அனுப்புகிறார். பொருந்தத்தானே செய்யும்? திருடப்பட்டதே அந்த விவரங்கள்தான். டிஸ்ப்யூட் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

அதற்காக டிஸ்ப்யூட்டை விட்டுவிடக் கூடாது. அது ஒரு கடிகாரத்தை ஓட வைக்கிறது. புகார் 30 நாளில் தீர வேண்டும். அதில் முதல் 21 நாள் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு, மீதி கிரெடிட் நிறுவனத்துக்கு. 2024 ஏப்ரல் 26 முதல், 30 நாளைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. யாரால் தாமதமோ அவர் தர வேண்டும். தொகை பெரிதல்ல. ஆனால் கோப்பு மேசையில் தூங்காமல் இருக்க அது உதவுகிறது.

கடனை உண்மையில் நீக்கக் கூடியவர் கடன் கொடுத்தவர் மட்டுமே. அதனால் டிஸ்ப்யூட் போடும் அதே நாளில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். அவர் பெயரும் மின்னஞ்சலும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். மின்னஞ்சலோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். கடிதம் சேர்ந்த விவரத்தை இணையத்தில் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் அரை மணி நேரம் பேசியது பின்னால் எங்கும் கணக்கில் வராது. ஆப்பின் அரட்டைப் பெட்டியில் எழுதியதும் அப்படித்தான்.

கடிதத்தின் முதல் பத்தி மூன்று வாக்கியம் போதும்: "இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவோ ஓ.டி.பி. கொடுக்கவோ இல்லை. கடன் தொகை என் கணக்குக்கு வரவில்லை." அதன்பின், கோபத்தைக் கொட்டுவதைவிட ஆவணங்களைக் கேட்பதுதான் வேலை செய்யும். இவற்றைக் கேளுங்கள்:

கடன் தொகை வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கின் எண், வங்கி, கணக்குதாரர் பெயர். விண்ணப்பத்தில் இருந்த கைபேசி எண், மின்னஞ்சல், முகவரி. கே.ஒய்.சி.க்காக, அதாவது ஆளைச் சரிபார்க்க, எடுத்த புகைப்படம் அல்லது வீடியோ. கடன் ஒப்பந்தமும் அதன் இ-சைன் (இணையவழிக் கையெழுத்து) பதிவும், எந்த நேரத்தில் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து கையெழுத்தானது என்பதோடு. தவணை எந்தக் கணக்கிலிருந்தாவது கட்டப்பட்டிருந்தால் அந்தக் கணக்கின் விவரம்.

இதில் முதல் கேள்விதான் ஆணிவேர். டிஜிட்டல் கடன்களுக்கு 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, தொகை கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. வேறு ஒருவர் கணக்குக்குப் போயிருந்தால் நிறுவனம் தன் விதிமீறலைத் தானே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் தராமல் மற்றவற்றுக்கெல்லாம் பதில் தருவார்கள். விடாதீர்கள், இரண்டாவது கடிதத்தில் இதை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கிறது என்று பதில் வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். உங்கள் ஆவணங்களை வைத்து வங்கிக் கணக்கையும் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த வங்கிக்கும் இதேபோல ஒரு கடிதம் போக வேண்டும். இது அவசரமும்கூட. அந்தக் கணக்கு வழியாக மற்றவர்களை ஏமாற்றிய பணம் ஓடியிருந்தால், போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

கடைத் தவணைக் கடன், அதாவது போனோ டி.வி.யோ தவணையில் வாங்கியதாகக் காட்டும் கடன் என்றால், பணம் கடைக்குத்தான் போயிருக்கும். அங்கே கேட்க வேண்டியது கடையின் பெயர், பில், பொருளை வாங்கியவரின் கையெழுத்து அல்லது புகைப்படம், போனாக இருந்தால் அந்தக் கருவிக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. எண். அந்த எண் கிடைத்துவிட்டால், போன் இப்போது எந்த சிம்மில் ஓடுகிறது என்பதைப் போலீஸ் கண்டுபிடிக்க முடியும்.

கடிதத்தோடு வைக்கும் அடையாள நகல்களிலும் கவனம் தேவை. ஆதாரில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை அனுப்புங்கள். பான் நகலின் குறுக்கே "இந்தப் புகாருக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். திருட்டைப் பற்றிப் புகார் செய்யப் போய்ச் சுத்தமான நகலை இன்னும் ஐந்து இடத்தில் விட்டுவரக் கூடாது.

ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள்

தொல்லை தாங்காமல் "4,000 ரூபாய்தானே, கட்டி முடித்துவிடலாம்" என்று தோன்றும். வசூல் ஆளும் அதையே சொல்வார்: "செட்டில்மென்ட் போட்டுத் தரேன் சார், பாதி கட்டுங்க போதும்." கட்டிய அடுத்த நிமிடமே அந்தக் கடனை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு "என்னுடையதல்ல" என்று எங்கே போனாலும் அந்த ரசீதைக் காட்டுவார்கள். செட்டில்டு, அதாவது பேசிக் குறைத்துக் கட்டி முடித்தது, என்ற குறிப்பும் அறிக்கையில் பல ஆண்டு நிற்கும், அடுத்து கடன் தருபவர் அதை நல்லபடியாகப் பார்ப்பதில்லை. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரில் சேருங்கள். பேசுவதாக இருந்தால் ஒரே வரி போதும்: "புகார் கொடுத்திருக்கிறேன், எண் இது, இனி எழுத்தில் கேளுங்கள்."

போலீஸ்: எந்த அளவுக்குத் தேவை?

போலீஸால் உங்கள் கிரெடிட் அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆனாலும் போகத்தான் வேண்டும். புகார் கொடுத்த அத்தாட்சி இல்லாத கடிதத்தைக் கடன் நிறுவனங்கள் "கடன் கட்ட மனமில்லாதவர் எழுதியது" என்றே படிக்கின்றன.

மூன்று படிகள் உண்டு. தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில் பதிவது மிக எளிது. தமிழ்நாட்டில் உங்கள் மாவட்டத்துக்கோ மாநகரத்துக்கோ உரிய சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அது போய்ச் சேரும். கிடைக்கும் ஒப்புகை எண் நல்ல ஆவணம்தான், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல. அடுத்தது காவல் நிலையத்தில் நேரில் கொடுத்து வாங்கும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி. அதற்கும் மேலே எஃப்.ஐ.ஆர்.

கடன் தொகை சில ஆயிரமாக இருந்து, வேறு எதுவும் நடக்கவில்லை என்றால், தளத்தின் ஒப்புகையும் சி.எஸ்.ஆர். ரசீதும் போதும் என்பது எங்கள் கருத்து. பெயரில் வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, பல கடன்கள் என்று விரிந்திருந்தால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் விடக் கூடாது. நாளைக்கு உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கும் வேறொரு மாநில போலீஸுக்குக் காட்ட அதுதான் இருக்கும்.

புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். முதலாவது பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது, இரண்டாவது கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. "இது எங்கள் எல்லையில் வராது" என்று திருப்பி அனுப்பினால், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173-ஆம் பிரிவு. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கடன் நிறுவனங்கள் அடிக்கடி சொல்லும் சாக்கு, "எஃப்.ஐ.ஆர். கொண்டு வந்தால்தான் விசாரிப்போம்" என்பது. ஏமாந்து பணத்தைக் கொடுத்தது அவர்கள். ஆளைச் சரிபார்க்கும் கடமையும் அவர்களுடையது. எஃப்.ஐ.ஆர். வரும்வரை உங்கள் புகாரை ஓரம் வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. புகாரைப் பெற்ற நாளிலிருந்து 30 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரா, நீதிமன்றமா?

30 நாள் கழித்தும் பதில் இல்லை, அல்லது "கடன் சரியே" என்று பதில் வந்துவிட்டது. இங்கேதான் வரிசை தவறினால் இழப்பு.

2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மேன்) திட்டத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்னும் புகார் தளத்தில் பதிய வேண்டும், உதவிக்கு 14448. வங்கிகள், பெரிய நிதி நிறுவனங்கள் மட்டுமல்ல, 2022 செப்டம்பர் முதல் கிரெடிட் தகவல் நிறுவனங்களும் இதற்குள் வந்துவிட்டன. அதனால் கடன் கொடுத்தவர் மீதும் சிபில் மீதும் இங்கேயே கேட்கலாம். திட்டம் தொடங்கியபோது வைத்த உச்சவரம்பு, பண இழப்புக்கு 20 லட்சம், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 1 லட்சம்.

ஆனால் அதே விவகாரம் ஒரு நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். போலீஸ் விசாரணை இதற்குத் தடையல்ல. ஆகவே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோர் வழக்குப் போட்டுவிட்டுப் போக முடியாது. மாறாக, குறைதீர்ப்பாளரின் தீர்வு பிடிக்கவில்லை என்றால் அதை ஏற்காமல் நீதிமன்றம் போகும் வழி திறந்தே இருக்கிறது. இலவசமாகவும் வழக்கறிஞர் இல்லாமலும் முடியக்கூடிய இடத்தை முதலில் முயல்வதே சரி.

அங்கே புகார்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னக் காரணங்களுக்காக. 30 நாள் முடியும் முன்பே பதிந்திருப்பார்கள். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை இணைத்திருக்க மாட்டார்கள். நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலில் ரிசர்வ் வங்கிக்கும் ஒரு நகல் போட்டுவிட்டு அதையே புகார் என்று நினைத்திருப்பார்கள், அது புகாராகாது. வழக்கறிஞர் மூலம் அனுப்பினாலும் ஏற்கப்படாது. நீங்களோ, நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்த வழக்கறிஞரல்லாத ஒருவரோ, உங்கள் பெயரில் பதிய வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமில்லை, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் நீங்கள் அந்த நிறுவனத்திடம் எதுவும் வாங்காதவர். "இவர் எங்கள் நுகர்வோரே அல்ல" என்ற வாதத்தை முதல் பதிலிலேயே வைப்பார்கள், அதைத் தாண்டவே மாதங்கள் போகும். உங்கள் சொந்த வங்கியின் கவனக்குறைவால் பணம் போன வழக்குக்கு இது பொருத்தமான இடம். யாரோ வாங்கிய கடனுக்கு அவ்வளவாக அல்ல.

பெரிய தொகை என்றால் பலர் கேள்விப்படாத இன்னோர் இடம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்கீழ், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அலுவலர். 5 கோடி வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். 2010 ஏப்ரலில், ஃபிஷிங்கில், அதாவது வங்கி அனுப்பியதுபோல் வந்த போலி மின்னஞ்சலை நம்பி, பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டவர் தமிழ்நாட்டின் தீர்ப்பு அலுவலர்தான். இதற்கு வழக்கறிஞர் உதவி வேண்டும், செலவும் உண்டு. 30,000 ரூபாய்க் கடனுக்காக இங்கே போக வேண்டாம். வீட்டுக் கடன் மறுக்கப்பட்டு, கட்டிய முன்பணம் போய்விட்டது என்ற அளவுக்கு இழப்பு இருந்தால் யோசியுங்கள்.

இதற்கிடையே அடைக்க வேண்டிய ஓட்டைகள்

புகார் நடக்கும்போதே அதே விவரங்களை வைத்து அடுத்த கடன் வரலாம். ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள். கைரேகையைப் போலி செய்து ஆதார் வழியாகப் பணம் எடுப்பது இதனால் நிற்கும், ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டிய நாளில் திறந்துகொள்ளலாம். ஆனால் யாரோ பான் நகலைக் கொடுத்துக் கடன் கேட்பதை இந்தப் பூட்டு தடுக்காது. ஆதார் தளத்தில் கடந்த 6 மாதம் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் உண்டு. கடன் கொடுக்கப்பட்ட தேதியில் அங்கே ஒரு பதிவு இருந்தால் புகாரோடு இணைக்க வேண்டிய ஆவணம் அது. 6 மாதம் கடந்தால் போய்விடும், இன்றே எடுத்து வையுங்கள்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் உள்ள சிம்கள் தெரியும். தெரியாத எண்ணுக்கு "என் எண் அல்ல" என்று குறியுங்கள், ஆனால் அதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் உங்கள் பெயரில் யாராவது தொழில் பதிந்திருக்கிறார்களா என்று லாகின் இல்லாமலே பார்க்கலாம். வருமான வரித் தளத்தின் ஏ.ஐ.எஸ். (ஆண்டுத் தகவல் அறிக்கை) பக்கத்தில் நீங்கள் பெறாத வருமானம் இருந்தால் அங்கேயே மறுப்புப் பதியலாம். கூலி வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கணக்குத் தாக்கல் செய்யாதவர் பான் எண் என்றால் நெடுநாள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதை ஏமாற்றுபவர்கள் அறிவார்கள்.

கடன் நீக்கப்பட்டது என்று கடிதம் வந்த பிறகும் மூன்று மாதம் கழித்து நான்கு அறிக்கைகளையும் மறுபடி எடுங்கள். அந்த ஆண்டின் இலவச அறிக்கை முடிந்திருக்கும் என்பதால் பணம் கட்ட வேண்டியிருக்கும். இலவசமாகக் காட்டுகிறோம் என்னும் புதிய ஆப்புக்குப் பான் எண்ணைக் கொடுப்பதைவிட அந்தச் செலவு மேல். வாராக்கடன்களை நிறுவனங்கள் மொத்தமாக, அவற்றை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்பதுண்டு. உங்கள் பெயரிலுள்ள கடனும் அந்தத் தொகுப்பில் போயிருந்தால், பழைய நிறுவனம் நீக்கிய பிறகும் புதிய பெயரில் மீண்டும் அறிக்கையில் ஏறும். அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பழைய நிறுவனம் கொடுத்த நீக்கல் கடிதத்தின் நகலைக் கடனை விலைக்கு வாங்கிய புதிய நிறுவனத்துக்கு அனுப்பி, அதே நாளில் டிஸ்ப்யூட்டையும் போடுங்கள்.